வீட்டுத் தொழிலுக்கு எது எல்லை? எழுத்தில் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குடியிருக்கும் வீட்டிலேயே சிறு தொழில் செய்கிறவர்கள் எதைச் செய்யலாம், எதற்கு அனுமதி வாங்க வேண்டும் என்பதைத் தருமபுரி நகராட்சி தமிழில் ஒரே ஒரு பக்கத்தில் எழுதி, வார்டுதோறும் ஒட்ட வேண்டும். இந்தக் கோரிக்கையைத் தங்கள் நாளிதழ் மூலம் வைக்கிறேன்.

குமாரசாமிப்பேட்டையில் வாடகை வீட்டில் சாமை முறுக்கும் ராகி தட்டையும் செய்து கடைகளுக்குக் கொடுக்கிறேன். மாவு அரைப்பது வெளியே, மில்லில். வீட்டில் இருப்பவை இரண்டு அடுப்பும் பாக்கெட் ஒட்டும் ஒரு சிறு எந்திரமும்தான். இதே தெருவைச் சேர்ந்த இரண்டு பெண்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வந்து முறுக்குச் சுற்றித் தருகிறார்கள். தைப்பூசத் தேரை ஒட்டியும் தீபாவளிக்கு முன்பும் வேலை கூடும். மற்ற நாட்களில் பிற்பகலுக்குள் அடுப்பை அணைத்துவிடுவோம்.

அண்மையில் ஒரு அலுவலர் வந்து, குடியிருப்புப் பகுதியில் வியாபாரம் கூடாது, கடை பிடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். எந்த விதி என்று கேட்டேன், பதில் இல்லை. எழுதியும் தரவில்லை. ஆனால் அந்த வாய்ச்சொல் வீட்டு உரிமையாளரின் காதுக்குப் போய்விட்டது. சொத்து வரியை வணிகக் கட்டடத்துக்கு உரிய விகிதத்தில் போட்டுவிடுவார்களோ என்று அவர் பயப்படுகிறார். அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. வீட்டைக் காலி செய்யச் சொன்னால் எங்கள் மூன்று குடும்பங்களின் வருமானம் நின்றுவிடும்.

விவரம் அறிந்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றைச் சொல்கிறேன். 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி, ஒரு கட்டடத்தின் பயன்பாட்டைக் குறிப்பிடத்தக்க அளவில் மாற்றினால் அதற்கு அனுமதி வேண்டும். வீட்டைக் காலி செய்து ஜவுளிக்கடையாக்கினால் அது மாற்றம்தான். குடும்பம் அதே வீட்டில் குடியிருக்க, சமையலறையில் கூடுதலாக ஓர் அடுப்பு எரிந்தால் அதுவும் மாற்றமா? 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளும் குடியிருப்புப் பகுதியில் வீட்டைத் தவிர வேறு எதுவுமே கூடாது என்று சொல்லவில்லை. அங்கே குடியிருப்பவரின் தொழில் ஆலோசனை அறைக்கும், அன்றாடத் தேவைப் பொருள்கள் விற்கும் சிறு கடைக்கும் அவற்றில் இடம் இருக்கிறது. மின் கட்டணத்திலும் இதே பரிவு உண்டு. வீட்டோடு சேர்ந்த 200 சதுர அடிக்கு உட்பட்ட ஆலோசனை அறைக்கும், வீட்டில் நெய்யும் கைத்தறிக்கும் வீட்டுக் கட்டணமே போதும். மருத்துவரும் வழக்கறிஞரும் வீட்டின் முன்னறையில் தொழில் செய்வதை ஏற்கும் மனம், பின்கட்டில் உழைக்கும் பெண்ணையும் ஏற்க வேண்டும் அல்லவா?

வேறு எந்த ஊரையும்விட இந்த ஊருக்கு அந்தக் கடமை அதிகம். தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989இல் முதலில் தொடங்கப்பட்டது, கிருஷ்ணகிரியும் சேர்ந்திருந்த அன்றைய தருமபுரி மாவட்டத்தில்தான். குழுவில் சேர், கடன் வாங்கு, தொழில் செய் என்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாக எங்களுக்குச் சொல்லி வருகிறார்கள். அந்தத் தொழிலை எங்கே செய்வது? பெங்களூருக்கும் திருப்பூருக்கும் ஆண்கள் வேலைக்குப் போய்விட்ட வீடுகளில், வயதான மாமியாரையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு, முன்பணம் கட்டிக் கடை பிடிக்க எத்தனை பெண்களால் முடியும்? புளி கொட்டை எடுப்பதும் தையலும் ஊறுகாயும் வீட்டுத் திண்ணையை நம்பித்தான் நடக்கின்றன.

அண்டை வீட்டாருக்கு இருக்கும் உரிமையை நான் மறுக்கவில்லை. எண்ணெய்ப் புகை அடுத்த வீட்டு ஜன்னலுக்குள் போகக் கூடாது. பெரிய மோட்டார் வைத்துச் சுவரை அதிரவைக்கக் கூடாது. தெருவை அடைத்துச் சரக்கு வண்டி நிற்கக் கூடாது. இரவில் பாத்திரச் சத்தமும் கூடாது. வீட்டு உபயோக சிலிண்டரில் வியாபாரத்துக்குச் சமைப்பது சட்டப்படி தவறு, ஆபத்தும்கூட. 19 கிலோ வணிக சிலிண்டர்தான் வாங்க வேண்டும். அது காற்றோட்டமான இடத்தில் இருக்கிறதா என்று யாராவது வந்து பார்த்தால் நான் மகிழ்வேன். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்திருக்கிறேன். சிறு தயாரிப்பாளர்களுக்கு ஆண்டுக் கட்டணம் 100 ரூபாய்தான். பதிவு செய்யாத சகோதரிகளும் செய்துவிட வேண்டும்.

கட்டுப்பாடே வேண்டாம் என்பதல்ல என் கோரிக்கை. புகை, சத்தம், வண்டி, கழிவுநீர், வேலைக்கு வரும் வெளியாட்கள் ஆகியவற்றுக்கு அளவு வையுங்கள். அந்த அளவுக்குள் இருக்கும் வீட்டைத் தொந்தரவு செய்யாதீர்கள். மீறினால் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்துத் திருத்திக்கொள்ள அவகாசம் தாருங்கள். சொத்து வரியும் மின் இணைப்பும் எந்த நிலையில் மாறும் என்பதையும் அதே தாளில் சேர்த்துவிட்டால், வீட்டு உரிமையாளர்களிடம் காட்ட எங்களுக்கு ஓர் ஆதாரம் இருக்கும். நகராட்சி ஆணையரும் நகர் ஊரமைப்புத் துறையின் மாவட்ட அலுவலரும் கலந்து பேசி, தீபாவளி வேலை தொடங்குவதற்கு முன்பே இதை வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
குமாரசாமிப்பேட்டை, தருமபுரி.