ஜென்னாவை உன் மகளிடம் கொடுக்கலாமா?

என் அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. அம்மாவுக்கு இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் வைத்த அலைச்சலில் பதில் எழுத முடியவில்லை. இப்போது நன்றாக இருக்கிறாள், துணையில்லாமல் நடக்கிறாள்.

நீ கேட்ட நாவலை அவள் கட்டிலருகே உட்கார்ந்துதான் படித்து முடித்தேன். மேரி பியர்சன் 2008இல் எழுதிய ‘தி அடோரேஷன் ஆஃப் ஜென்னா ஃபாக்ஸ்’. மகளுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகக் கொடு. ஆனால் நீ முதலில் படித்துவிடு.

17 வயது ஜென்னா நீண்ட கோமாவிலிருந்து கண் விழிக்கிறாள். எதுவும் நினைவில்லை. சாதாரண வார்த்தைகளுக்குக்கூட அகராதியில் பொருள் தேடுகிறாள். பெற்றோர் அவளுடைய பழைய வீடியோக்களைப் போட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள். ஒருநாள் கையில் காயம் படுகிறது, உள்ளே தெரிவது நீல நிற ஜெல். விபத்தில் அவள் மூளையில் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சியதாம். மற்றதெல்லாம் அப்பாவின் விஞ்ஞானம்.

திரில்லர் என்று சொல்லிக் கொடுத்துவிடாதே. துரத்தலையும் ஓட்டத்தையும் எதிர்பார்த்தால் உன் பெண் பாதியில் மூடிவிடுவாள். எனக்கு அந்த நிதானம் பிடித்திருந்தது. நினைவு திரும்புவது அப்படித்தானே, துண்டு துண்டாக. செயற்கை மனிதர்கள் என்றாலே நாம் இரும்பை நினைக்கிறோம். ஆனால் ‘ரோபோ’ என்ற சொல்லைத் தந்த செக் எழுத்தாளர் காரெல் சாபெக்கின் 1920ஆம் ஆண்டு நாடகத்திலேயே அவர்கள் சதையும் ரத்தமும் போன்ற பொருளால் ஆனவர்கள்தான். ஜென்னா அந்த வழியில் வந்தவள்.

தலைப்பைக் கவனித்தாயா? அடோரேஷன், அதாவது ஆராதனை. கதையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. விபத்துக்கு முன்பே அவளை ஒரே செல்ல மகளாக வைத்துக் கொண்டாடி, ஒவ்வொரு பிறந்தநாளையும் படமெடுத்து, மூச்சு முட்ட வைத்திருந்தார்கள். புது உடம்பு அதன் தொடர்ச்சிதான். அவளுடைய மனத்தின் பிரதி ஒன்றை, எதற்கும் இருக்கட்டும் என்று, வீட்டிலேயே பூட்டி வைத்திருக்கிறார்கள். இருட்டுக்குள் கிடக்கும் அந்த இன்னொரு தன்னை ஜென்னா நினைத்துப் பார்க்கும் இடத்தில் என்னால் மேலே படிக்க முடியவில்லை.

பாட்டி லில்லியைத்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. இது தப்பு என்று நம்புகிறவள், பேத்தியின் முகத்தைப் பார்க்கவே தயங்குகிறவள். அந்த வீட்டில் ஜென்னாவை ஆராதிக்காத ஒரே ஆள். அதனால்தானோ என்னவோ, அவளிடம் மட்டும்தான் ஜென்னாவால் நேராகப் பேச முடிகிறது.

அந்த உலகத்தில் ஒரு சட்டம் உண்டு. ஆளுக்கு மொத்தம் 100 புள்ளிகள், உடம்பில் செயற்கையாகச் சேர்க்கும் ஒவ்வொன்றுக்கும் கழிந்துகொண்டே வரும். ஜென்னா அந்த எல்லையைத் தாண்டியவள், அவள் உயிரோடு இருப்பதே குற்றம். ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து இதைப் படித்தது எப்படி இருந்தது தெரியுமா? 1958இல் ஸ்வீடனில் ஆர்னே லார்சன் என்பவருக்குத்தான் உலகிலேயே முதன்முதலாக உடலுக்குள் பேஸ்மேக்கர் வைத்தார்கள். அப்புறம் 20க்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு 2001 வரை, 86 வயது வரை வாழ்ந்தார். அவருக்கு எத்தனை புள்ளி கழித்திருப்பார்கள்? எந்தக் கருவியோடு அவர் மனிதர் இல்லாமல் போயிருப்பார்? உன் மகள் இந்தக் கேள்வியைக் கட்டாயம் கேட்பாள், பதில் யோசித்து வை.

குறை என்றால் கடைசி அத்தியாயம்தான். அதுவரை நம்மைத் தவிக்கவிட்ட கதை, திடீரென்று பல தலைமுறை தாண்டிப் போய் எல்லாவற்றையும் ஆற்றிவிடுகிறது. எனக்கு அந்த ஆறுதல் வேண்டியிருக்கவில்லை.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். அறுவை சிகிச்சைக்கு முந்தின இரவு, அம்மா பேசுவதை அவளுக்குத் தெரியாமல் போனில் பதிவு செய்துவிட்டேன். பயம், வேறென்ன. அந்தப் பூட்டிய பிரதியைப் பற்றிப் படித்த பிறகு உறுத்திக்கொண்டே இருந்தது. நேற்று அவளிடம் சொல்லிவிட்டேன். போட்டுக் காட்டச் சொல்லி முழுசாகக் கேட்டாள். “இதுல எனக்கு மூச்சு வாங்குது. இப்ப நல்லா இருக்கேன், இன்னொரு தடவை எடு” என்றாள். எடுத்தேன்.

புத்தகத்தை அடுத்த வாரம் அனுப்புகிறேன். படித்ததும் எழுது, உன் பெண்ணையும் நாலு வரி எழுதச் சொல்.

உன்
பழைய வகுப்புத் தோழி