மீன் ஏலத் திடலில் பூவரசு நட்டுப் பராமரிக்கக் கோரும் மனு

அனுப்புநர்
கடற்கரைக் குடியிருப்புப் பொதுமக்கள்,
மண்டபம் ஊராட்சி ஒன்றியம்,
இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
இராமநாதபுரம்.

பொருள்: நிழலுக்காகப் பூவரசு நடுதல், மூன்று கோடைக்குத் தண்ணீர் வழங்குதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் கரையில் மீனை ஏலம் எடுத்து, கீறி, உப்பிட்டுக் காயவைக்கும் பெண்கள் முற்பகல் முழுவதும் வெயிலில்தான் இருக்கிறார்கள். திடலில் தகரக் கொட்டகை ஒன்று உண்டு. பதினொரு மணிக்கு மேல் அதன் கீழ் இருப்பதற்கு வெளியே நிற்பதே மேல். ஓரத்தில் நின்ற பெரிய பூவரசு சாலைப் பணிக்காக வெட்டப்பட்ட பிறகு எஞ்சியது சீமைக்கருவேலம்தான். முள்ளுக்கு அஞ்சி அதன் அடியில் யாரும் உட்காருவதில்லை.

கடந்த மழைக்காலத்தில் இங்கே மரக்கன்றுகள் நடப்பட்டதை நன்றியுடன் குறிப்பிடுகிறோம். ஆனால் கூண்டு வைக்காததால் குருத்தை ஆடுகள் கடித்தன; தப்பியவை, ஊற்ற ஆளில்லாமலும் அடிகுழாயில் உவர்நீரே வருவதாலும் பங்குனிக்குள் பட்டுப்போயின.

பூவரசு இந்தக் கரைக்கே உரிய மரம். உப்புக்காற்றையும் உவர்மண்ணையும் தாங்கும். அதன் காய் கடலில் மிதந்துபோய் வேறு கரையில் முளைக்கும். கன்றாக அன்றி, போத்தாக நடுவதே எங்கள் வழக்கம். மணிக்கட்டுப் பருமனில் ஏழெட்டு அடிக் கிளையை வெட்டி, இரண்டடிக் குழியில் ஊன்றி, காயாமலிருக்க மேல்முனையில் சாணம் அப்பிவிட்டால், மழை ஈரத்திலேயே வேர்விட்டு, ஆட்டின் வாய்க்கு எட்டாத உயரத்தில் துளிர்த்துவிடும். பலகைக்காக வளர்ப்பவர்கள் விதைக்கன்றைத்தான் விரும்புவார்கள். எங்களுக்கு வேண்டியது நிழல்.

இம்மாவட்டத்துக்கு மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையே கிடைப்பதால், ஐப்பசித் தொடக்கத்தில் திடலைச் சுற்றியும் பேருந்து நிறுத்தத்திலும் போத்துகளை நட ஆணையிடுமாறு வேண்டுகிறோம். மாநிலத்தின் காடு மற்றும் மரப்பரப்பை 33 விழுக்காடாக உயர்த்த 2022-இல் தொடங்கப்பட்ட பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தில் இப்பணியைச் சேர்த்து, நட்ட நாளில் எடுக்கும் கணக்கோடு, மூன்றாம் கோடையில் உயிருடன் நிற்பவற்றையும் எண்ணிப் பதிவுசெய்ய வேண்டும் என்பது எங்கள் முக்கியக் கோரிக்கை.

போத்துகளை ஊரின் பழைய மரங்களிலிருந்து நாங்களே தருகிறோம். அகற்றப்படும் சீமைக்கருவேல முள்ளைக் கொண்டே வேலியும் அடைத்துவிடுவோம். நல்ல தண்ணீர் மட்டும் எங்களால் இயலாது. குடிக்கவே குடம் கணக்கில் வாங்குகிறோம். எனவே மாசி முதல் ஆவணி வரை வாரம் இருமுறை ஊராட்சி லாரியில் தண்ணீர் அனுப்ப உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஊர்ப் பொதுமக்கள்