பொறுமை எங்களுக்கா இல்லை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் 'நியர்' என்ற வீடியோ கேமைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கதையைப் புகழ்ந்த இடமெல்லாம் எனக்கும் சம்மதமே. ஆனால் அதிலுள்ள சண்டையும் சில்லறை வேலைகளும் சலிப்பூட்டுவதாகச் சொல்பவர்கள் பொறுமையற்றவர்கள், அவர்கள் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது என்ற பொருளில் கடைசிப் பத்தியில் ஒரு வரி இருந்தது. மூன்று நாளாக அந்த வரி தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு நடந்துபோகும் தூரத்தில் பதினெட்டு வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பொறுமை என்றால் என்ன என்பதைத் தினமும் கண்ணால் பார்க்கிறவன். மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் திரிபுராவிலிருந்தும் ரயிலேறி வந்து காட்பாடியில் இறங்குகிறார்கள். லாட்ஜில் ஓர் அறை எடுத்து, அங்கேயே பொங்கித் தின்று, பிள்ளையின் வைத்தியத்துக்காக மாதக்கணக்கில் கிடக்கிறார்கள். எங்கள் தெருக் கடைகளின் பெயர்ப்பலகைகளில் தமிழுக்குப் பக்கத்தில் வங்காளமும் இருப்பது தாங்கள் அறியாததல்ல. 2010 வாக்கில் ஒருநாள் ஓர் அப்பா நகலெடுக்க ரிப்போர்ட் கட்டு ஒன்றைக் கொடுத்தார். இயந்திரம் தள்ளத் தள்ள ஒவ்வொரு தாளையும் சூடு ஆறுமுன் எடுத்தார். ஓரத்தை மேசையில் தட்டிச் சரிசெய்து, முந்தைய தாளின் மேல் வைத்தார். தோளில் தூங்கிய மகள் விழித்துவிடக் கூடாதென்று எல்லாவற்றையும் ஒற்றைக் கையாலேயே செய்தார்.

அந்த வருடம்தான் என் மைத்துனர் பெங்களூரிலிருந்து 'நியர்' டிஸ்க் வாங்கிவந்தார். நம் கைக்கு வந்த ஆங்கிலப் பதிப்பில் கதாநாயகன் ஓர் அப்பா. நோயில் விழுந்த மகள் யோனாவைக் காப்பாற்ற ஊர் ஊராக அலைகிறார். என் மகளுக்கு அப்போது நான்கு வயது. கடையைச் சாத்திவிட்டு வந்து இரவில் ஆடுவேன். யோனா இருமும்போதெல்லாம் எழுந்துபோய் உள்ளறையில் என் பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். எந்த நாட்டு மொழியும் அல்லாத ஒரு மொழியில் எமி எவன்ஸ் பாடிய பாட்டுகள் இன்றும் காதில் இருக்கின்றன. அந்தக் கதைமேல் எனக்குள்ள பிரியத்தில் கட்டுரையாளருக்கு நான் இளைத்தவனல்ல.

அந்தப் பிரியத்தினால்தான் கோபமும் வருகிறது. மகள் படுக்கையில் கிடக்கிறாள். அப்பாவோ ஆட்டிறைச்சி சேர்க்கப் போகிறார், யாரோ தொலைத்த பொருளைத் தேடப் போகிறார், போன வயல்வெளியையே மறுபடி கடந்து திரும்பிவருகிறார். அவருடைய அலைச்சலை நாமும் உணரத்தான் அப்படி வைத்தார்கள் என்கிறது கட்டுரை. அலைச்சல் வேறு, அலைக்கழிப்பு வேறு. ஒரு கிழவருக்காக மீன் பிடித்துத் தரவேண்டிய இடத்தில், வரைபடத்துச் சிவப்புக் குறியைத் தவறாகப் புரிந்துகொண்டு வேறொரு கரையில் ஓர் இரவு முழுக்கத் தூண்டில் போட்டேன். இது இடமில்லை என்று சொல்ல விளையாட்டில் நாதியில்லை. விடியும்போது எனக்கு யோனாவின் நினைவே இல்லை, மீன்மேல் இருந்த எரிச்சல்தான் இருந்தது. கதையிலிருந்து என்னை வெளியே தள்ளியது எதுவோ அது கதைக்கும் குறைதான்.

விட்ட இடத்திலிருந்தே மறுபடி தொடர ஆட்டத்தைச் சேமிக்கும் வசதியைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லை. அங்கங்கே நிற்கும் தபால்பெட்டியிடம் போனால்தான் ஆட்டத்தைச் சேமிக்க முடியும். 2012-ல் மாவட்டங்களில் மின்வெட்டு எப்படி இருந்தது என்பதைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கத்தியைப் பலப்படுத்தப் பழைய இயந்திரக் கிடங்கில் மணிக்கணக்காக எந்திரங்களை உடைத்து உதிரி பொறுக்கிக்கொண்டிருப்பேன், மின்சாரம் போய்விடும். பொறுக்கியதெல்லாம் போச்சு. மறுநாள் முதலிலிருந்து தொடங்கினேன். இந்தக் கதைக்கு முடிவுகள் பல, அவற்றில் கடைசி முடிவுகளைப் பார்க்க எல்லா ஆயுதங்களையும் சேர்க்க வேண்டும், சேர்த்தேன். பொறுமையற்றவன் என்று என்னைச் சொல்லலாமா ஐயா?

2021-ல் இதே விளையாட்டு புதுப்பிக்கப்பட்டு வந்தது. அதில் கதாநாயகன் அண்ணன், யோனா தங்கை. வாள்வீச்சை வேகமாக்கிச் சண்டையை அடியோடு சீர்செய்திருந்தார்கள். குறையே இல்லையென்றால் எதைச் சீர்செய்தார்கள்? செய்தவர்களே ஒப்புக்கொண்டதைப் பார்த்தவர் மறைப்பானேன்? இதையும் கட்டுரை சொல்லவில்லை. ஆனால் இரண்டாம் முறை ஆடும்போது தெரியவரும் உண்மையை மட்டும் முதல் பக்கத்திலேயே போட்டு உடைத்துவிட்டது. மறைக்க வேண்டியதைச் சொல்லி, சொல்ல வேண்டியதை மறைத்திருக்கிறார்கள்.

ஆரணிப் பக்கம் எங்கள் ஊர்த் திரௌபதியம்மன் திருவிழாவில் அர்ச்சுனன் தபசு நடக்கும். வேடம் கட்டியவர் தபசு மரத்தின் ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டுப் பாடித்தான் ஏறுவார். உச்சிக்குப் போக நெடுநேரம் பிடிக்கும். அவர் மேலிருந்து எறியும் எலுமிச்சம்பழத்துக்காகப் பிள்ளையில்லாத பெண்கள் ஈரப்புடவையோடு கீழே காத்திருப்பார்கள். சீக்கிரம் ஏறு என்று ஒருவரும் சொன்னதில்லை. அதே ஜனம், கூத்தில் மத்தளம் தாளம் தப்பினால் வாத்தியாரை முகத்துக்கு நேரே கேட்கும். பாரதக் கதை உயர்ந்தது, ஆகவே தப்புத் தாளத்தைப் பொறுத்துக்கொள் என்று எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் சொல்லமாட்டார்கள்.

எழுத உட்கார்ந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். வீடியோ கேம் என்றாலே பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்ற செய்திக்குத்தான் இத்தனை வருடம் தங்கள் பத்திரிகையில் இடம் கிடைத்தது. நான்கு வருடத்துக்கு முன் அதை மறுத்து நான் எழுதிய கடிதத்தில், தங்களைப் பாராட்டிய நான்கு வரி மட்டும் அச்சில் வந்தது, மறுப்பு வரவில்லை. 1989-ல் வடஆற்காடு மாவட்டம் இரண்டானது, 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றானது. ஒவ்வொரு பிரிவிலும் எங்கள் பக்கத்துச் செய்திகளுக்குத் தாங்கள் தரும் இடமும் குறைந்துவிட்டது. இணைப்பிதழ் சில வாரங்களில் வருவதே இல்லை. கேட்டால் பேப்பர்க் கட்டுக்குள் வைத்து அனுப்பவில்லை என்கிறார் பேப்பர் போடும் பையன். நாற்பது வருட வாசகர் குடும்பம் இதையெல்லாம் பொறுத்துக்கொண்டுதான் இருக்கிறது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. இனி விளையாட்டு மதிப்புரை வரும்போது, எழுதியவர் எத்தனை மணி நேரம் ஆடினார், முடித்தாரா, எங்கே சேமிக்கலாம், திரையில் எழுத்து படிக்கிற அளவில் இருக்கிறதா என்பதை முடிவில் இரண்டு வரியில் போடுங்கள். இடம் போதாதென்றால் நட்சத்திர மதிப்பெண்ணை எடுத்துவிட்டு அந்த இடத்தில் போடலாம்.

இந்தக் கடிதத்தையும் சுருக்கித்தான் ஆகவேண்டும் என்றால் இணைப்பிதழ்ப் புகாரை எடுத்துவிடுங்கள். ரிப்போர்ட் நகலெடுக்க வந்த அந்த அப்பாவை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
வேலூர்.