ராஜினாமா கடிதத்தை அன்றே கொடுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டிலிருந்து வேலை பார்க்கும், 45 வயதைத் தாண்டிய ஐ.டி. ஊழியர்களை எச்.ஆர். பத்து நிமிட வீடியோ அழைப்பில் மடக்கி, "நீங்களே ராஜினாமா கொடுத்துவிடுங்கள், அனுபவச் சான்றிதழாவது சுத்தமாக இருக்கும்" என்கிறது. பதற்றத்தில் பலர் அன்றே கொடுத்துவிடுகிறார்கள்.

அந்தக் கடிதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. சட்டப்படி ஆட்குறைப்பு என்றால், தொழிலாளர் என்ற வரையறைக்குள் வருபவருக்கு ஒரு மாத நோட்டீஸும், ஓராண்டுக்கு 15 நாள் சம்பளம் வீதம் இழப்பீடும் உண்டு. மேனேஜர் என்ற பட்டம் இருப்பதாலேயே அந்த உரிமை போய்விடாது. உண்மையில் என்ன வேலை பார்த்தார் என்பதுதான் கணக்கு. ராஜினாமா செய்தவருக்கோ இந்த இழப்பீடு கிடையாது. கிராஜுவிட்டி (பணிக்கொடை) மட்டும், பொதுவாக ஐந்தாண்டு சர்வீஸ் முடித்திருந்தால், ராஜினாமா செய்தாலும் கிடைக்கும்: கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 60,000 ரூபாய், 18 ஆண்டு சர்வீஸ் என்றால் 60,000 × 15 ÷ 26 × 18, சுமார் 6.23 லட்சம். இதைத் தனிச்சலுகை போலக் காட்டிக் கையெழுத்துக் கேட்டால் ஏமாறக் கூடாது.

அழைப்பு முடிந்த அன்றே, "ராஜினாமா செய்யச் சொன்னீர்கள், நான் சம்மதிக்கவில்லை" என்று சொந்த மின்னஞ்சலிலிருந்து எச்.ஆருக்கு எழுதுங்கள். ஆபீஸ் மெயிலில் எழுதினால், லாகின் துண்டிக்கப்பட்டதும் அந்த ஆதாரமும் போய்விடும். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, அப்ரைசல் மதிப்பெண் ஆகியவற்றை மாதாமாதம் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனியின் மென்பொருள் கோடு (code), கிளையன்ட் கோப்பு எதையும் தொடாதீர்கள். டிஸ்மிஸ் செய்ய அதுவே காரணமாகிவிடும்.

ஓசூர், சேலம் என்று ஊருக்குப் போய் வேலை பார்ப்பவர்களுக்கு இன்னொரு ஆபத்து. "திங்கள்கிழமை ஆபீஸ் வாருங்கள்" என்ற மெயிலுக்குப் பதில் போடாமல் இருந்தால், வேலையைக் கைவிட்டார் என்று பதிவாகலாம். அவகாசம் கேட்டு எழுதுங்கள். கிடைக்காவிட்டால் குறித்த நாளில் போய் நில்லுங்கள்.

சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் கடைசி வேலை நாளுக்கு முன்பே, குரூப் மெடிக்கல் பாலிசியை அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிநபர் பாலிசியாக மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். புதிதாக எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் 36 மாதம் வரை போகும்.

2024இல் கர்நாடக அரசு ஐ.டி. துறைக்கு நிலையாணைச் சட்டத்திலிருந்து (பணி விதிகளை எழுத்தில் வகுக்கச் சொல்லும் சட்டம்) தந்த விலக்கை மேலும் 5 ஆண்டு நீட்டித்தபோது, பணிநீக்கங்களைத் தொழிலாளர் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் நிபந்தனை விதித்தது. ராஜினாமாவாகக் காட்டிவிட்டால் அந்தத் தகவலே போகாது. பன்னேர்கட்டா சாலை கார்மிக பவனில் உள்ள தொழிலாளர் துறை அதிகாரிகள், ஒரே மாதத்தில் ஒரே நிறுவனத்தில் குவியும் மூத்த ஊழியர்களின் ராஜினாமாக்களையும் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அல்சூர், பெங்களூரு