தாட்சண்யம்

அன்புள்ள கண்ணு,

நேற்று போனில், வேலையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கும் அந்தப் பையனைப் பற்றிப் பொரிந்து தள்ளினாய். "இனிமே தயவு தாட்சண்யமே கிடையாதுப்பா" என்றாய். அதே மூச்சில், "தயவு தெரியும், தாட்சண்யம்னா என்ன?" என்று சிரித்தாய். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. போனை வைத்த பிறகும் அதே நினைப்புதான்.

பாவம் அந்தச் சொல், தனியாக நடமாடுவதே இல்லை. பக்கத்தில் 'இல்லாமல்', 'பார்க்காமல்', 'கிடையாது' என்று ஏதாவது ஒன்று ஒட்டிக்கொண்டே வரும். "தயவு தாட்சண்யமின்றி நடவடிக்கை" என்று எத்தனை முறை படித்திருப்போம்! தாட்சண்யத்தோடு நடவடிக்கை எடுத்ததாக ஒரு செய்தி உண்டா?

வடமொழிச் சொல்தான். 'தட்சிண' என்றால் வலப்பக்கம். கிழக்கு பார்த்து நின்றால் வலக்கைப் பக்கம் தெற்கு, அதனால் தெற்குக்கும் அதே பெயர். திறமையான, இணக்கமான என்றும் அதற்குப் பொருள் உண்டு. அந்த இணக்கம்தான் தாட்சண்யம்.

தமிழில் இதற்கு நேரான சொல் கண்ணோட்டம். இன்று அதைக் கருத்து, பார்வை என்றாக்கிவிட்டோம். திருக்குறளின் 58ஆம் அதிகாரத்துக்கு அதுதான் தலைப்பு. பழகியவரைக் கண்டால் அவர் சொல்வதை மறுக்க முடியாமல் போவது என்று பரிமேலழகர் விளக்குகிறார்.

மறுக்க முடியாமல் போனால் என்ன ஆகும் என்று என்னைக் கேள். முகதாட்சண்யத்துக்காக ஒரு சிநேகிதனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். கடனை நான்தான் கட்டினேன். அம்மா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். வேண்டியவர் கண்ணெதிரே நஞ்சை ஊற்றிக் கொடுத்தாலும் கண்ணோட்டம் உள்ளவர்கள் உண்பார்கள் என்கிறது அந்த அதிகாரத்தின் கடைசிக் குறள். எனக்கு ஒரு தடவை குடித்ததே போதும்.

ஆனால் 578ஆம் குறள் வேறு மாதிரி:

கருமம் சிதையாமல் கண்ணோட வல்லார்க்கு
உரிமை உடைத்திவ் வுலகு.

வேலையும் கெடக்கூடாது, கண்ணோட்டமும் வேண்டும். 'வல்லார்' என்கிறார் பார், இதற்குச் சாமர்த்தியம் வேண்டுமாம்.

அந்தச் சாமர்த்தியத்தை நான் ஒருவரிடம் பார்த்திருக்கிறேன். வேலையில் சேர்ந்த புதிது. நான் போட்ட கூட்டல் தப்பு. பெரியவர் ஒருவர் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார், மேஜையைச் சுற்றி நாலு பேர் நின்றிருந்தார்கள். தப்பு அவர் கண்ணில் பட்டது எனக்குத் தெரிந்துவிட்டது, ஏனென்றால் அவர் விரல் அந்த வரியிலேயே நின்றது. எதுவும் சொல்லாமல் நோட்டை மூடி வைத்துவிட்டார். எல்லோரும் போன பிறகு, அந்த எண்ணுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி. "இதை ஒரு தடவை பாத்துடுங்க தம்பி" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். நான் அழித்து, திருத்தி முடிக்கும் வரை திரும்பி வரவே இல்லை. அவ்வளவு தாகம் யாருக்கு இருக்கும்! அப்புறம் வந்து முழுவதும் மறுபடி கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். அதில் ஒரு இம்மியும் விட்டுக்கொடுக்கவில்லை.

சரி, திங்கட்கிழமை அந்தப் பையனிடம் பேசப் போவதாகச் சொன்னாயே, தனியாகக் கூப்பிட்டா, எல்லோரும் இருக்கும்போதா?

அப்பா