செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: குன்னூர் வட்டார உலோகத் தொழிலாளரின் ஊதியமும் முன்னேற்றமும்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பட்டறைகளிலும் தேயிலைத் தொழிற்சாலைகளிலும் பணிபுரியும் தோழர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் சங்கத்தின் செயற்குழுக் கூட்டங்கள் முறைப்படி நடைபெற்றன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே முன்வைப்பார். ஆண்டு முழுவதும் செயற்குழு அதிகம் விவாதித்தது ஊதியப் பிரச்சினையையே என்பதால், அதைப் பற்றி மட்டும் இங்கு விரிவாகக் கூற விரும்புகிறேன்.

நம் வட்டாரத்துப் பட்டறைகளில் கேட், ஜன்னல் கிரில், கூரை ட்ரஸ் ஆகியவற்றுக்கான கூலி பெரும்பாலும் கிலோ கணக்கிலோ சதுர அடிக் கணக்கிலோ பேசப்படுகிறது. நேற்று ஹெல்பராகச் சேர்ந்தவரின் வெல்டிங்கும் பல்லாண்டு அனுபவம் உள்ளவரின் வெல்டிங்கும் தராசில் ஒரே எடைதான். கைத்திறன் எவ்வளவு கூடினாலும் இம்முறையில் கூலி கூடுவதில்லை. வேகமாகச் செய்தால் மட்டுமே கூடும். வேகம் தளரும் வயதில், மேஸ்திரி என்ற பெயர் நிலைத்திருக்க, வருமானம் மட்டும் இறங்கிவிடுகிறது. இது அநீதி என்பதே செயற்குழுவின் ஒருமித்த கருத்து.

தேயிலைத் தொழிற்சாலைகளை அண்டிய லேத் பட்டறைகளின் நிலை சற்று வேறு. தேயிலைத் தூள் தயாரிக்கும் சிடிசி இயந்திரத்தில் இணையாகச் சுழலும் இரண்டு ரோலர்களில் ஒன்று மற்றதைவிடச் சுமார் பத்து மடங்கு வேகமாகச் சுழல்கிறது; அவற்றின் பற்களுக்கிடையில்தான் இலை நசுங்கிக் கிழிந்து சுருள்கிறது. பல் மழுங்கினால் இலை கிழிபடாமல் அரைபட்டுச் சூடேறி, தூளின் நிறமும் தரமும் கெட, ஏலத்தில் விலையும் விழுகிறது. எனவே ரோலரைக் கழற்றி லேத்தில் ஏற்றி, தேய்ந்த விட்டத்தைச் சீராக்கி, ஒவ்வொரு பல்லையும் மீண்டும் ஒரே ஆழத்தில், ஒரே கோணத்தில் வெட்டித் தருபவரின் வேலையை எடை போட எவரும் துணிவதில்லை. வேலையின் தரம் முதலாளியின் வருமானத்தில் நேரடியாகத் தெரியும் இடத்தில் திறனுக்கு விலை கிடைக்கிறது. மற்ற வேலைகளில் திறனைத் தெரியப்படுத்தச் சான்றிதழைத் தவிர வேறு வழி இருப்பதாகச் செயற்குழுவுக்குத் தோன்றவில்லை.

சான்றிதழ் திறக்கும் கதவுகளைப் பாருங்கள். ஐடிஐ முடித்து இரயில்வேயில் மூன்றாம் நிலை டெக்னீசியனாகச் சேர்பவரின் தொடக்க அடிப்படை ஊதியம் ஏழாவது ஊதியக் குழுவின்படி 19,900 ரூபாய். அகவிலைப்படியும் பதவி உயர்வும் தனி. ஐடிஐ முடித்த பயிற்சிப் பணியாளருக்கு (அப்ரண்டிஸ்) மாதம் குறைந்தது 7,000 ரூபாய் என 2019ஆம் ஆண்டின் பயிற்சிப் பணியாளர் திருத்த விதிகள் நிர்ணயித்தன. கொதிகலன் வெல்டராக விரும்புபவர் இந்தியக் கொதிகலன் ஒழுங்குமுறைகளின்படி தேர்வு பெற வேண்டும். 45 பாகை சாய்வில் அசையாமல் நிறுத்திய குழாயைச் சுற்றிலும் வெல்டிங் செய்து காட்டும் 6ஜி சோதனையில் தேறியவருக்குக் கோவையிலும் வளைகுடாவிலும் கிடைக்கும் சம்பளத்தை, அதே கைப்பழக்கம் இருந்தும் தாள் இல்லாதவர் கேட்கவே முடியாது.

அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையை நம்பியிருக்கும் குடும்பங்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். படைக்கலத் தொழிற்சாலைகள் 2021 அக்டோபரில் ஏழு நிறுவனங்களாக மாற்றப்பட்டதற்குப் பின், அந்நிறுவனங்களின் ஆளெடுப்பு அறிவிப்புகளில் பல காலவரையறைக்கு உட்பட்ட ஒப்பந்தப் பணிகளுக்கானவையாகவே உள்ளன. தந்தையின் பணிக்காலத்தில் இருந்த உறுதி மகனுக்கும் கிடைக்கும் என்று காத்திருக்க வேண்டாம்.

ஐடிஐ படிக்காமல் பட்டறையிலேயே தொழில் கற்றவர்களுக்கும் வழி உண்டு. உரிய அனுபவமுள்ளவர்கள், ஐடிஐ மாணவர்கள் எழுதும் அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். ஆனால் அனுபவத்துக்குச் சான்று கேட்கும்போதுதான் நம்மவர்கள் நின்றுவிடுகிறார்கள். சம்பளப் பதிவேடு இல்லை. பட்டறைக்காரர் கடிதம் எழுதித் தரத் தயங்குகிறார். ஓர் உறுப்பினர் தம் வாழ்வின் பெரும்பகுதியை ஒரே பட்டறையில் கழித்தவர். அவர் அங்கு வேலை செய்ததைக் காட்ட ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை என்பதைக் கண்டபோது செயற்குழுவில் எல்லோருக்கும் மனம் கனத்தது. கூலியைக் கையில் வாங்கிக்கொண்டு போகும் பழக்கம் நம்மை எவ்வளவு பின்தள்ளியுள்ளது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் வெல்டர்களும் பதிவு செய்யலாம். 60 வயதில் ஓய்வூதியமும் பிள்ளைகளுக்குக் கல்வி உதவியும் உண்டு. பதிவைப் புதுப்பிக்கத் தவறியவர்கள் உடனே புதுப்பிக்க வேண்டும். சொந்தப் பட்டறை வைக்க விரும்பும் 35 வயதைக் கடந்தவர்கள், 2025 ஏப்ரலில் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம். 3 இலட்சம் ரூபாய் வரை கடனும், அதில் 25 விழுக்காடு, அதிகபட்சம் 50,000 ரூபாய், மானியமும் அதில் உள்ளன. இம்மலைக்கு வேண்டிய மண்வெட்டியையும் கத்தியையும் தலைமுறை தலைமுறையாக வடித்துக் கொடுத்த கோத்தர் சமூகத்து இளைஞர்களுக்கும் இச்செய்தியை நம் உறுப்பினர்கள் நேரில் சென்று சொல்ல வேண்டும்.

வெளிநாடு செல்வோர் அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் வழியாகவோ, பதிவு பெற்ற முகவர் வழியாகவோ மட்டுமே செல்லுங்கள். முகவர் பெறக்கூடிய சேவைக் கட்டணம் வரி நீங்கலாக 30,000 ரூபாய்க்கு மேற்படக் கூடாது.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறது. ஹெல்பர், வெல்டர், மேஸ்திரி என நிலைவாரியாக நாட்கூலி நிர்ணயிக்கப் பட்டறை உரிமையாளர்களுடன் பேச்சு நடத்த வேண்டும். ஒவ்வொரு உறுப்பினருக்கும் பணிப் பதிவுப் புத்தகம் ஒன்றைச் சங்கமே அச்சிட்டு வழங்கி, அதில் பட்டறைக்காரரின் கையொப்பத்தை மாதந்தோறும் பெற வேண்டும். இவ்வறிக்கையையும் இத்தீர்மானங்களையும் ஏற்றுக்கொள்ளுமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்