வெல்லமும் ஐயாவின் கிடையும்

செங்காங், சிங்கப்பூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிவிட்டது. ஆண்டுக் கணக்கு முடிக்கும் நேரம், வீடு திரும்பவே இரவு ஒன்பதாகிறது. ஐயாவுக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு லேசானது. சொட்டு மருந்தை நேரத்துக்கு விடச் சொல். "எனக்கு எதுக்கு அதெல்லாம்" என்று தள்ளிவிடுவார், நீதான் விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இங்கே எல்லோரும் நலம். இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. அருண் தேசிய சேவைக்கு, அதாவது கட்டாய ராணுவப் பணிக்கு, போய் ஏழு மாதமாகிறது. வெள்ளி இரவு வருகிறான், ஞாயிறு இரவு முகாமுக்குத் திரும்புகிறான். இப்போதுதான் கிளம்பிப் போனான். அவன் சாத்திவிட்டுப் போன கதவடியில் எங்கள் நாய் வெல்லம் படுத்திருக்கிறாள்.

மலர் விஷயத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளை பார்டர் கோலிக் குட்டி வாங்கப்போகிறார், பெருங்குடியில் ஏழாவது மாடி, பேரனுக்கு மூன்று வயது, "உலகத்திலேயே புத்திசாலி நாயாம், பிள்ளையை அதுவே பார்த்துக்குமாம்" என்று எழுதியிருந்தாய். வாங்கலாமா வேண்டாமா என்று ஒரு வரிதான் கேட்டாய். இந்த வகை நாயோடு ஆறு வருஷம் குடித்தனம் நடத்திய எனக்கு ஒரு வரியில் பதில் வரவில்லை.

வெல்லம் பார்டர் கோலி இல்லை, அதற்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி: ஷெட்லேண்ட் ஷீப்டாக். இங்கே அரசாங்கம் கட்டிய வீவக அடுக்குமாடி வீட்டில் ஒரே ஒரு நாய்தான் வைத்துக்கொள்ளலாம், அதுவும் பொதுவாக அனுமதிப் பட்டியலில் உள்ள சிறிய இனமாக இருக்க வேண்டும். ஷெட்லேண்ட் அந்தப் பட்டியலில் உண்டு, பார்டர் கோலி கிடையாது. 2019இல் ஊரைவிட்டுப் போன ஒரு குடும்பத்திடமிருந்து இவளை எடுத்தோம். அப்போது இரண்டு வயது. பனைவெல்லம் உடைத்த மாதிரி நிறம், கழுத்தில் வெள்ளை. அருண் பார்த்த உடனே வைத்த பெயர் இது.

அந்த வருஷத் தீபாவளிக்கு இவருடைய அக்கா, தங்கை குடும்பமெல்லாம் வந்திருந்தார்கள். கூடத்தில் ஆறு பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். நான் அடுப்படியில் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தேன். திடீரென்று சத்தம் அடங்கியது. எட்டிப் பார்த்தால், ஆறு பேரும் சோபாவுக்கும் டிவி மேசைக்கும் நடுவில் மூலையில் நெருக்கியடித்து நிற்கிறார்கள். வெல்லம் எதிரில் அரை வட்டமாக இப்படியும் அப்படியும் நடக்கிறாள். தலை தாழ்ந்து முதுகுக்கு நேராக இருந்தது. ஒரு பையன் மெல்ல நழுவப் பார்த்தான். அவள் குறுக்கே பாய்ந்து ஒரு குரை குரைத்து, அவன் கணுக்காலில் முன்பல்லால் லேசாகக் கிள்ளினாள். தோல் கிழியவில்லை, சிவந்த தடம் மட்டும்தான். ஆனால் வீடே அல்லோலகல்லோலம். "கடிக்கிற நாயை வீட்டுல வச்சிருக்கியே" என்று நாத்தனார் அன்றைக்குச் சாப்பிடாமலே கிளம்பிவிட்டார். நானும் அழுதேன். திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுகூட அன்று இரவு பேசினோம்.

பிறகு நாய்ப் பயிற்சி கொடுக்கும் ஒரு சீன அம்மா வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்து பார்த்தார். "இவள் கடிக்கவில்லை, வேலை பார்க்கிறாள்" என்றார். ஓநாய் வேட்டையாடும் வரிசையைச் சொன்னார்: இரையைக் கண்டுகொள்வது, கண் கொட்டாமல் பார்ப்பது, பதுங்கி நெருங்குவது, துரத்துவது, கவ்வுவது, கொல்வது. மேய்ப்பு நாய்களைத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்தவர்கள் அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணிகளை மட்டும் தேய்த்துத் தேய்த்து எடுத்துவிட்டார்கள். முன்பாதி அப்படியே இருக்கிறது, இன்னும் கூர்மையாகவே இருக்கிறது. ஆடு நகர்வது நாய் சொன்னதைக் கேட்டு இல்லை செல்வி. அந்தப் பார்வையில் தன் பழைய பகையை அடையாளம் கண்டு நகர்கிறது.

இதைக் கேட்டதும் எனக்கு உங்கள் ஆட்டுக் கிடைதான் ஞாபகம் வந்தது. அறுப்பு முடிந்த வயலில் ஐயா கிடை போட்டிருப்பார், நாம் இருவரும் தூக்குவாளியில் கஞ்சி எடுத்துக்கொண்டு போவோமே. இரண்டு நாய்கள் இருந்தன, ஒன்று செவலை, ஒன்றுக்குக் காது அறுந்திருக்கும். யோசித்துப் பார், அவை ஒரு நாளாவது ஆட்டை ஓட்டியதுண்டா? ஓட்டியதெல்லாம் ஐயாவின் குரலும் கம்பும்தான். நாய்கள் பகலெல்லாம் ஆட்டோடு ஆடாகப் படுத்துக் கிடக்கும். குட்டிகள் அவற்றின் மேலேயே ஏறி மிதித்துக்கொண்டு போகும். இரவில் நரி வந்தாலோ ஆள் நடமாட்டம் கேட்டாலோதான் எழும். அது காவல் நாய். அதன் கண்ணில் ஆடு பயப்பட எதுவுமே இல்லை, இருந்தால் கிடையில் படுக்கவே முடியாது. மேய்ப்பு நாய் இதற்கு நேர் எதிர். இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் நானும் ஏமாந்தேன், இப்போது மாப்பிள்ளையும் ஏமாறுகிறார். பிள்ளையை அது பார்த்துக்கொள்ளாது. பிள்ளையை மேய்க்கும்.

இதிலும் ஒவ்வொரு இனத்துக்கு ஒரு கைப்பழக்கம். கோர்கி மாட்டை ஓட்டப் பழகியது. குட்டைக் கால், குதிகாலைக் கிள்ளும், மாடு உதைத்தால் உதை தலைக்கு மேலே போய்விடும். ஷெட்லேண்ட் தீவுகளில் பயிர் நிலத்துக்குள் ஆடு இறங்காமல் குரைத்து விரட்டியவர்கள் வெல்லத்தின் முன்னோர், அதனால் இவளுக்கு வாய்தான் ஆயுதம். பார்டர் கோலி கண்ணால் வேலை செய்யும். இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் எல்லையான மலைப்பக்கத்து நாய் அது, பெயரே அப்படி வந்ததுதான். 1893இல் நார்தம்பர்லேண்டில் பிறந்த ஹெம்ப் என்ற ஒரே ஒரு ஆண் நாயை இன்றைய பார்டர் கோலிகளுக்கெல்லாம் மூதாதை என்கிறார்கள். குரைக்காமல், பாயாமல், பார்வையாலேயே ஆட்டை நகர்த்துமாம். அதைப் பார்த்துத்தான் எல்லோரும் அதன் குட்டிகளைக் கேட்டு வாங்கினார்கள். யோசி, நூறு வருஷத்துக்கு மேலாக அந்த ஒரு குணத்துக்காகவே வளர்த்த ரத்தம், ஏழாவது மாடியில் எதைப் பார்க்கும்?

எங்கள் வீட்டில் அதற்கு ஒரு பதில் கிடைத்தது. இவர் ஆசையாக ஒரு லேசர் விளக்கு வாங்கி வந்தார். சுவரில் சிவப்புப் புள்ளி ஓட, வெல்லம் அதைத் துரத்த, நாங்களும் சிரித்தோம். நாலைந்து நாள்தான் விளையாடியிருப்போம். அதற்குப் பிறகு என் கைக்கடிகாரத்தில் வெயில் பட்டுக் கூரையில் ஒரு வெளிச்சம் ஆடினாலும் அண்ணாந்து பார்த்தபடி நின்றுவிடுவாள். சோறு வைத்தாலும் திரும்பமாட்டாள், கூப்பிட்டால் காதில் விழாது. சாயங்கால வெயில் சன்னல் கம்பி வழியாகக் கூடத்தில் விழும் நேரம் வந்தாலே உடம்பு நடுங்கும். பிடிக்கவே முடியாத ஒன்றைத் துரத்த வைத்துவிட்டோம். மேய்ப்பு நாய்களுக்கு ஒளியும் நிழலும் இப்படிப் பித்தாகப் பிடிப்பது நிறைய உண்டு என்று மருத்துவர் சொன்னார். திரைச்சீலை போட்டு, கடிகாரத்தைக் கழற்றி வைத்து, அவளை மீட்க மூன்று மாதமானது. லேசர் விளக்கை வீட்டுக்குள்ளேயே விட வேண்டாம் என்று மலரிடம் கண்டிப்பாகச் சொல்.

புத்திசாலி என்கிறார்களே, அதையும் சொல்கிறேன். அமெரிக்காவில் சேஸர் என்று ஒரு பார்டர் கோலி 1,022 பொம்மைகளின் பெயரைத் தெரிந்து வைத்திருந்தது. கேட்டதை எடுத்து வரும். 2011இல் அந்த ஆய்வு வெளிவந்தது. மாப்பிள்ளையும் இதைத்தான் எங்கோ படித்திருப்பார். ஆனால் அதைப் பழக்கிய ஜான் பில்லி ஓய்வுபெற்ற உளவியல் பேராசிரியர். தினம் நாலைந்து மணி நேரம், மூன்று வருஷம் அதோடு உட்கார்ந்திருக்கிறார். 1,022 என்ற எண்ணை எல்லோரும் சொல்கிறார்கள், அந்த நாலைந்து மணி நேரத்தை யாரும் சொல்வதில்லை. மலரும் மாப்பிள்ளையும் காலை எட்டரைக்குக் கிளம்பி இரவு எட்டுக்கு வருகிறவர்கள். அத்தனை அறிவையும் பதினொன்றரை மணி நேரம் பூட்டிவைத்துவிட்டுப் போனால் அது சும்மா இருக்குமா? தானாக ஒரு வேலையைக் கண்டுபிடிக்கும். வெல்லம் கண்டுபிடித்த வேலை, தாழ்வாரத்தில் போகிற சைக்கிளையெல்லாம் சன்னலோடு ஓடிக் குரைத்து "விரட்டுவது". சைக்கிள் எப்படியும் போய்விடும், அவளுக்கோ தான்தான் விரட்டினோம் என்ற திருப்தி, மறுநாள் இன்னும் உரக்கக் குரைப்பாள். பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு தடவை புகார் கொடுத்துவிட்டார். அவர்மேல் தப்பில்லை, இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிற மனிதர்.

இப்போது நாங்கள் அவளுக்கு வேலை கொடுக்கிறோம். விடிகாலை ஆறு மணிக்கு, வெயில் ஏறுவதற்கு முன், பொங்கோல் பக்கம் முக்கால் மணி நேர நடை. (மின்தூக்கியில் நாய் மேலே படக்கூடாது என்று பார்க்கிற மலாய் முஸ்லிம் குடும்பம் யாராவது இருந்தால் நாங்கள் அடுத்ததில் போவோம். இப்போது அப்படி ஒரு வீட்டு அம்மாவே தூரத்திலிருந்து "வெல்லம்!" என்று கையசைக்கிறார்.) காலை உணவைத் தட்டில் வைப்பதே இல்லை, வீடு முழுக்க ஒளித்து வைப்பேன், மோந்து தேடி எடுத்துக்கொள்வாள். சாயங்காலம் அருணின் பெரிய உடற்பயிற்சிப் பந்துகள் மூன்றை அவள் மூக்கால் தள்ளி, நான் சொல்கிற மூலைக்குக் கொண்டுவர வேண்டும். சோத்துக்கை, பீச்சைக்கை என்று சொன்னால் அந்தப் பக்கம் சுற்றி வருவாள். ஒன்றை ஒன்று மோதாமல் மூன்று பந்தையும் வரிசையாகச் சேர்த்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள் பார், அந்த நேரத்தில் அவள் முகத்தில் இருக்கிற நிறைவை நான் மனிதர்களிடமே அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

எல்லாவற்றையும்விட அவளைக் காப்பாற்றியது ஒரு சொல்தான். பிரிட்டனில் மேய்ப்பர்கள் வேலை முடிந்தால் அது போதும் என்ற பொருளில் ஒரு சொல் சொல்லுவார்கள், நாய் அந்த இடத்திலேயே ஆட்டை விட்டுத் திரும்பி வந்துவிடும். நாங்கள் "போதும்" என்று பழக்கினோம். முதலில் ஒன்றும் நடக்காத நேரத்தில் சொல்லி, அவள் திரும்பிப் பார்த்தாலே ஒரு துண்டு கோழி. பிறகு பந்தின் நடுவில், பிறகு சைக்கிள் வரும்போது. எட்டு மாதம் பிடித்தது. போன தீபாவளிக்கு நாத்தனாரின் பேரப்பிள்ளைகள் ஓடினார்கள். அவள் எழுந்து தலையைத் தாழ்த்தினாள். "போதும் வெல்லம்" என்றேன். உடம்பு ஒரு முறை சிலிர்த்தது, பெருமூச்சு மாதிரி ஒன்று விட்டாள், வந்து என் கால்மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டாள். நாத்தனார் அதைப் பார்த்துக்கொண்டேயிருந்தார். அப்புறம் அவரே ஒரு துண்டு கோழி எடுத்து வந்து கொடுத்தார்.

அதனால் மலரிடம் நான் சொல்லச் சொல்வது இதுதான்: இப்போது வேண்டாம். பேரன் ஓடுகிற வயதைத் தாண்டட்டும், வீட்டில் யாராவது ஒருவருக்குத் தினம் இரண்டு மணி நேரம் ஒழியட்டும், அப்போது யோசிக்கலாம். சென்னை வெயிலுக்கு அந்த இரட்டை ரோமமும் ஒரு பாரம், மொட்டையடித்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். நாய் வேண்டுமென்று ஆசையாக இருந்தால் தெருவில் பிறந்த ஒரு நல்ல குட்டியை எடுக்கட்டும். அந்த வீட்டுக்கு அதுதான் பொருந்தும். என் பேச்சையும் மீறி வாங்கிவிட்டார்கள் என்றால் ஒன்றை மட்டும் எழுதி வைக்கச் சொல்: கோலி வகை நாய்கள் பலவற்றுக்கு ஐவர்மெக்டின் மருந்து விஷமாகிவிடும். மரபணுவில் ஒரு குறை, மருந்து மூளைக்குள் போய்விடும். நம் பக்கம் ஆட்டுக்கும் மாட்டுக்கும் சர்வசாதாரணமாகப் போடுகிற ஊசிதானே, உண்ணிக்கென்று யாராவது அதையே நாய்க்கும் போட்டுவிடக்கூடாது. வெல்லத்துக்குப் பரிசோதனை செய்து வைத்திருக்கிறோம்.

மாப்பிள்ளைக்குக் கோபம் வந்தால் வரட்டும், பெயரை என்மேல் போட்டுச் சொல்.

மணி பத்தே முக்கால். வெல்லம் இன்னும் கதவடியில்தான். ஞாயிறு சாயங்காலம் அருண் பச்சைப் பையை எடுத்த உடனே அவனைச் சுற்ற ஆரம்பித்துவிடுவாள். முழங்காலில் தோளை வைத்து அழுத்தி, கூடத்துக்குள்ளேயே தள்ளப் பார்ப்பாள். இவள் கணக்குப்படி நாங்கள் நாலு பேர், மூன்றாகக் குறைந்தால் தூங்கமாட்டாள். இன்றைக்கு அருண் குனிந்து அவள் காதில் "போதும்" என்றான். விலகி வழிவிட்டாள். ஆனால் நான் சொன்னால் என்னிடம் வருகிறவள், இன்றைக்குக் கதவை விட்டு எழவில்லை.

ஒரு உதவி செய்வாயா? பொழுது சாய்கிற நேரத்தில் ஐயா ஆடுகளைத் திரும்ப அழைக்க நாக்கை மடித்து ஒரு சத்தம் கொடுப்பாரே, நாம் எவ்வளவு முயன்றும் நமக்கு வராதே, அதை உன் கைப்பேசியில் பதிவு செய்து அனுப்பு. கண் நன்றாக ஆறிய பிறகு, அவருக்குத் தெம்பிருக்கும்போது கேட்டால் போதும். வெல்லத்துக்குப் போட்டுக் காட்ட வேண்டும். ஆட்டையே பார்த்திராத இவள் அதைக் கேட்டதும் என்ன செய்கிறாள் என்று ஐயாவுக்கு எழுதுகிறேன்.

அன்புடன்,
மீனா